அடுப்படி வழியாக வந்த கண்டன்சர்

இண்டக்ஷன் அடுப்பின் அடிமூடியைக் கழற்றினால் செம்புச் சுருளுக்குக் கீழே மூன்று கண்டன்சர்கள் கண்ணில் படும். பெரிதாக இருப்பது 5 மைக்ரோ ஃபேரட். அடுத்தது 2 மைக்ரோ ஃபேரட், அடுப்பின் இரைச்சல் ஈபி கம்பிக்குள் ஏறாமல் தடுப்பது. மூன்றாவது, சிவகாசித் தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் தடித்த ஒரு கட்டி. அதன் மேல் 0.27 மைக்ரோ ஃபேரட், 1200 வோல்ட் டிசி என்று அச்சிட்டிருக்கும். சில அடுப்புகளில் 0.3, சிலவற்றில் 0.33. வீட்டில் டெஸ்லா காயில் கட்ட ஆசைப்பட்டுப் பழைய அடுப்பைப் பிரிக்கிறவர் முதலில் கைவைப்பது பெரியதில்தான். அவருக்கு வேண்டியது அந்த மூன்றாவது.

இராஜபாளையத்தில் போயா கண்டன்சருக்கு அடுப்பைப் பிரிக்க வேண்டும் என்று தோன்றலாம். தென் மாவட்டங்களில் கண்டன்சர் குவிந்து கிடக்கும் ஊர்களில் அதுவும் ஒன்று. பி.ஏ.சி. ராமசாமி ராஜா 1936இல் ராஜபாளையம் மில்ஸைத் தொடங்கியதிலிருந்து அது சுழலும் மோட்டார்களின் ஊர். புளோ ரூம், கார்டிங், சிம்ப்ளெக்ஸ், ரிங் ஃப்ரேம் என்று பஞ்சை நூலாக்கும் இயந்திரங்கள் எல்லாவற்றையும் ஓட்டுவது இண்டக்ஷன் மோட்டார். இந்த மோட்டார் இரண்டு வகை மின்னோட்டம் கேட்கும். ஒன்று உண்மையில் வேலை செய்வது. இன்னொன்று மோட்டாரின் இரும்பைக் காந்தமாக்குவது. இந்த இரண்டாவது ஓர் இழை நூல்கூட நூற்காது. கம்பியில் போய்ப் போய்த் திரும்பிக்கொண்டிருக்கும், கம்பியைச் சூடாக்கும், அவ்வளவுதான். அதை மின்வாரியத்திடமிருந்து இழுத்தால் பவர் ஃபேக்டர் விழும். உயர் அழுத்த இணைப்பு வைத்திருக்கும் மில்லுக்கு அது 0.90க்குக் கீழே இறங்கினால், ஒவ்வொரு 0.01க்கும் கட்டணத்தில் 1 சதவீதம் கூடுதலாக விழும். இன்னும் இறங்கினால் விகிதமும் ஏறும். அதனால்தான் ஒவ்வொரு மில்லின் பேனல் அறையிலும் கண்டன்சர்கள் வரிசையாக நிற்கின்றன. மோட்டார் கேட்கும் காந்த மின்னோட்டத்தை அவை பக்கத்திலேயே கொடுத்து வாங்கிக்கொள்கின்றன.

மில்லோடு முடியவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூரைச் சுற்றிய தோட்டங்களில் கிணற்றுப் பம்பு செட்டுக்கும் கண்டன்சர் உண்டு. மும்முனை மின்சாரம் வராத நேரத்தில் இருமுனையிலேயே கண்டன்சரைப் போட்டு மோட்டாரை ஓட்டிவிடும் கிராமத்துக் கைவேலை தமிழ்நாடு முழுக்கப் பிரசித்தம். மின்வாரியம் எச்சரித்துக்கொண்டே இருக்கிறது, மோட்டாரும் ஓடிக்கொண்டே இருக்கிறது. தெற்கே போனால் காற்றாலைகள். அவற்றில் ஆரம்பகாலத்தவை இண்டக்ஷன் ஜெனரேட்டர் கொண்டவை, காந்தமாக்கும் மின்னோட்டத்தைக் கம்பியிலிருந்தே எடுப்பவை. ஆகவே கோபுரத்தின் அடியிலும் கண்டன்சர். வீட்டுக்குள் வந்தால் தலைக்கு மேலே மின்விசிறியில் 2.5 மைக்ரோ ஃபேரட், 440 வோல்ட். விசிறி மெதுவாகச் சுற்றினால் எலக்ட்ரீஷியன் ஏணி போடும் முன்பே “கண்டன்சர் போயிருக்கும்” என்று சொல்லிவிடுவார், பெரும்பாலும் சரியாகவும் இருக்கும்.

இத்தனையும் 50 ஹெர்ட்ஸில் வாழ்கிறவை. நொடிக்கு 50 முறை நிரம்பி இறங்கும் நிதானமான பிழைப்பு. டெஸ்லா காயில் கேட்பது அதைப்போல மூவாயிரம் மடங்கு வேகத்தை. எவ்வளவு தேக்கும், எத்தனை வோல்ட் தாங்கும் என்ற இரண்டு எண்கள்தான் கண்டன்சரின் முகத்தில் இருக்கும். எவ்வளவு வேகமாகக் கொட்டினாலும் உடையாது என்ற மூன்றாவது எண் முகத்தில் இருக்காது, தயாரிப்பாளரின் தாளில் மட்டும் இருக்கும். ஊரிலுள்ள கண்டன்சர்களில் ஏறக்குறைய எல்லாமே தோற்பது அந்த மூன்றாவது எண்ணில்தான். அதில் தேறக்கூடிய ஒன்று இந்த ஊருக்கு மில் வாசல் வழியாக வரவில்லை, அடுப்படி வழியாக வந்தது.

டெஸ்லா காயிலில் சாமான் அதிகமில்லை. இரண்டு சுருள், ஒரு தீப்பொறி இடைவெளி, ஒரு கண்டன்சர், அதை நிரப்ப ஓர் உயர் அழுத்த டிரான்ஸ்ஃபார்மர். நிகோலா டெஸ்லா 1891 ஜூன் 23இல் இதற்கு அமெரிக்கக் காப்புரிமை பெற்றார், விளக்கு எரிப்பதற்கான ஏற்பாடு என்ற பெயரில். டிரான்ஸ்ஃபார்மர் கண்டன்சரை நிரப்பிக்கொண்டே போகும். அழுத்தம் ஏறி ஏறி ஒரு கட்டத்தில் இடைவெளியில் தீப்பொறி பாயும். பாய்ந்ததுமே கண்டன்சரும் முதல் சுருளும் ஒரே வளையமாகிவிடும். அதுவரை மெல்லச் சேர்த்ததைக் கண்டன்சர் சுருளுக்குள் ஒரேயடியாகக் கொட்டும், சுருள் திருப்பித் தரும், மறுபடி கொட்டும். இந்த ஊசலாட்டத்தின் வேகத்துக்கே இரண்டாவது சுருளும் இசைந்திருந்தால், அதன் உச்சியில் லட்சக்கணக்கான வோல்ட் ஏறிக் காற்றில் ஊதா நிறக் கிளைகள் பிரியும். பார்க்கிறவர்களுக்கு மேலே இருக்கும் உலோக வளையம்தான் கண்ணில் நிற்கும். கட்டுகிறவர்களின் பணமும் மண்டையும் கரைவது கீழே இருக்கும் கண்டன்சரில்.

இந்தச் சாமானின் மூதாதை ஒரு கண்ணாடிச் சாடி. 1745இல் பொமரேனியாவில் எவால்ட் ஃபான் கிளைஸ்ட் என்ற பாதிரியார், சில மாதங்களில் லைடன் நகரில் மூஸ்சென்புரூக் என்ற பேராசிரியர், இருவரும் தனித்தனியாக அதில் மின்சாரத்தைத் தேக்கினார்கள், இருவரும் கையில் அடி வாங்கிக்கொண்டார்கள். மறு ஆண்டே பாரிஸில் நோலே என்பவர் 180 காவல் வீரர்களைக் கைகோத்து நிறுத்தி, ஒரு சாடியால் அத்தனை பேரையும் ஒன்றாகத் துள்ளவைத்துக் காட்டினார். டெஸ்லாவும் கண்ணாடியைக் கைவிடவில்லை. 1899இல் கொலராடோ ஸ்பிரிங்ஸில் பெரிய காயில் கட்டியபோது, பக்கத்து ஊர் மனிட்டூவின் கனிமநீர் வந்த பாட்டில்களில் உப்புநீரை நிரப்பித்தான் கண்டன்சர் வரிசை அமைத்தார். உள்ளே உப்புநீர் ஒரு தகடு, வெளியே உப்புநீர் இன்னொரு தகடு, நடுவில் கண்ணாடி.

இன்றும் கையில் காசில்லாத மாணவர்கள் தொடங்குவது இங்கேதான். தூத்துக்குடி உப்பு, காலி பாட்டில், வெளியே சுற்ற அலுமினியத் தாள். ஒரு பீர் பாட்டில் ஒரு நானோ ஃபேரட்டோ அதற்குச் சற்றுக் குறைவோ தரும். நமக்கு வேண்டிய 15 நானோ ஃபேரட்டுக்கு (ஏன் 15 என்பது பின்னால் வரும்) பதினைந்திலிருந்து இருபத்தைந்து பாட்டில் வரை போகும். (பாட்டில் எங்கே கிடைக்கும் என்று விருதுநகர் மாவட்டத்துக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.) வேலை செய்யும், பார்க்கவும் வேடிக்கையாக இருக்கும். ஆனால் கண்ணாடி இந்த வேகத்தில் ஒவ்வொரு ஊசலுக்கும் கொஞ்சம் விழுங்கிச் சூடாகிவிடும். நீர்மட்டத்தின் விளிம்பில் மின்சாரம் சீறும். அதற்காக மேலே ஒரு விரல்கடை எண்ணெய் ஊற்ற வேண்டும். ஒரு நாள் ஏதாவதொரு பாட்டிலில் ஊசிமுனை அளவு துளை விழும், உப்புநீர் மேசையெல்லாம் ஓடும்.

கண்ணாடிக்குப் பிறகு வந்ததில் நம் பக்கத்துப் பங்கு உண்டு. காக்காய்ப்பொன் என்று நாம் சொல்லும் மைக்கா, உரிக்க உரிக்கத் தாளைவிட மெல்லியதாகப் பிரியும். சூட்டுக்கும் அழுத்தத்துக்கும் அசையாது. அன்றைய சென்னை மாகாணத்தின் நெல்லூர் மாவட்டத்தில் கூடூர் பக்கத்துச் சுரங்கங்களிலும், வடக்கே கோடர்மா பக்கத்திலும் கிடைத்த மைக்கா உலகச் சந்தையை ஆண்டது. தொடக்ககாலக் கம்பியில்லாத் தந்தி அனுப்பும் கருவி தீப்பொறி, சுருள், கண்டன்சர் மூன்றும் சேர்ந்ததுதான், டெஸ்லா காயிலின் உடன்பிறப்பு என்றே சொல்லலாம். கப்பலில் கண்ணாடிச் சாடி ஆடி உடையும். அதன் இடத்தில் மைக்கா கண்டன்சரைக் கொண்டுவந்தவர் அமெரிக்கரான வில்லியம் டூபிலியர். அவருடைய பெயர் கார்னெல் டூபிலியர் என்ற நிறுவனத்தில் இன்னும் நிற்கிறது. அந்த நிறுவனத்தின் 942சி வரிசைக் கண்டன்சர்தான் இன்று உலகமெங்கும் டெஸ்லா காயில்காரர்கள் முதலில் உச்சரிக்கும் பெயர். உள்ளே இருப்பது இப்போது மைக்கா இல்லை, பிளாஸ்டிக்.

நடுவில் காகிதக் காலம் ஒன்று இருந்தது, அதைச் சொல்லாமல் போனால் ஆபத்து. மில்களின் பழைய பவர் ஃபேக்டர் கண்டன்சர்கள் காகிதத்தை எண்ணெயில் ஊறவைத்துச் செய்தவை. அந்த எண்ணெய் பல இடங்களில் பிசிபி என்ற குளோரின் சேர்மம். தீப்பிடிக்காது என்பதற்காக உலகமே அதைக் கொண்டாடியது. பிறகுதான் அது மண்ணிலும் மீனிலும் மனித உடலிலும் தங்கி ஈரலைக் கெடுக்கும் என்று தெரிந்தது. அமெரிக்கா 1979இல் தடுத்தது. இந்தியா 2016இல் ஆணை பிறப்பித்து, 2025 டிசம்பர் 31க்குப் பிறகு எந்தப் பயன்பாடும் கூடாது என்றது. பழைய இரும்புக் கடையில் தகரப் பெட்டி மாதிரிக் கனமான, பீங்கான் காது வைத்த பழைய கண்டன்சர் ஒன்று ஆசை காட்டினால் அதைத் திறக்கவே கூடாது. கசிந்திருந்தால் தொடவும் கூடாது.

இன்றைய மில் கண்டன்சர் பாலிபுரோப்பிலீன். 1954இல் இத்தாலியில் ஜூலியோ நாட்டா உருவாக்கிய இந்தப் பிளாஸ்டிக் நெய்த சாக்காக நம் ஊருக்குள் சிமென்ட் சுமந்து வருகிறது, வாளியாகக் குளியலறையில் இருக்கிறது. கண்டன்சருக்குப் போவது அதே பொருள், சுத்தம் மட்டும் வேறு தரம். உருக்கி, நெடுக்கிலும் குறுக்கிலும் இழுத்து, சில மைக்ரான் கனத்துக்குப் படலமாக்குவார்கள். பிறகு வெற்றிடத்தில் அலுமினியத்தையும் துத்தநாகத்தையும் ஆவியாக்கிப் படலத்தின் மேல் படியவைப்பார்கள். அந்த உலோகப் பூச்சின் கனம் ஒரு மைக்ரானில் நூறில் சில பங்குதான். இப்படிப் பூசிய இரண்டு படலங்களைச் சேர்த்து மில்லில் நூல் சுற்றுவதுபோலவே வேகமாகச் சுற்றி, இரு முனைகளிலும் உருகிய துத்தநாகத்தைத் தெளித்து, அதன்மேல் கம்பியைப் பற்றவைத்தால் கண்டன்சர்.

பூச்சு அவ்வளவு மெல்லியதாக இருப்பதில் ஒரு சாமர்த்தியம் இருக்கிறது. படலத்தில் எங்காவது ஒரு பலவீனப் புள்ளியில் மின்சாரம் துளைத்தால், அந்தத் துளையைச் சுற்றிய உலோகம் கணத்தில் ஆவியாகி விலகிவிடும். துளை மிஞ்சும், ஆனால் அதைச் சுற்றி உலோகம் இல்லை, அதனால் ஷார்ட்டும் இல்லை. கண்டன்சர் தன் காயத்தைத் தானே ஆற்றிக்கொண்டு, தேக்கத்தில் துளியளவு குறைந்து, தொடர்ந்து வேலை செய்யும். மின்விசிறிக் கண்டன்சர் ஒரே நாளில் சாகாமல் ஆண்டுக்கணக்கில் தேய்ந்து சாவது இதனால்தான்.

அதே மெல்லிய பூச்சுதான் டெஸ்லா காயிலில் வினையாகிறது. மின்சாரம் முழுவதும் முனையில் தெளித்த துத்தநாகத்திலிருந்து அந்த நூறில் சில பங்கு மைக்ரான் பூச்சின் விளிம்புக்குள் நுழைய வேண்டும். 50 ஹெர்ட்ஸில் நிதானமாக நுழையும். சில மைக்ரோ நொடியில் நூற்றுக்கணக்கான ஆம்பியர் பாய்ந்தால் அந்த விளிம்பு எரிந்து முனையிலிருந்து கழன்றுபோகும். மில் எலக்ட்ரீஷியன்களுக்கு இது தெரியாத விஷயமில்லை. ரிங் ஃப்ரேமுக்கு வேகம் மாற்றும் டிரைவ் போட ஆரம்பித்த பிறகு, 250, 350 ஹெர்ட்ஸில் வரும் ஹார்மோனிக் மின்னோட்டத்தைப் பேனல் கண்டன்சர்கள் குடித்துக் குடித்து உப்பி வெடித்தன. அதைத் தடுக்க ஒவ்வொரு கண்டன்சருக்கும் முன்னால் 7 சதவீத ரியாக்டர் என்ற தடுப்புச் சுருளை வைக்கிறார்கள். 350 ஹெர்ட்ஸுக்கே உப்பும் கண்டன்சரை டெஸ்லா காயிலின் 1,68,000 ஹெர்ட்ஸில் மாட்டுவது அதன் கழுத்தைப் பிடிப்பதுதான்.

அளவிலும் அது பொருந்தாது. 440 வோல்ட்டில் 25 கேவிஏஆர் என்று போட்ட மில் கண்டன்சருக்குள் ஒவ்வொரு ஃபேஸுக்கும் இடையே சுமார் 137 மைக்ரோ ஃபேரட் இருக்கும். நமக்கு வேண்டியதைப்போல ஒன்பதாயிரம் மடங்கு. விசிறிக் கண்டன்சரை எடுத்தால் 2.5 மைக்ரோ ஃபேரட்டை 15 நானோ ஃபேரட்டாக்க 167ஐத் தொடராகக் கோக்க வேண்டும். கோத்துப் பார்த்தவர்கள் உலகில் இருக்கலாம், நான் தடுக்கவில்லை.

அந்த 15 எங்கிருந்து வந்தது? டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து. எல்இடி வந்த பிறகு கடைத்தெருவில் நியான் போர்டுகள் ஒவ்வொன்றாக இறங்கின. அவற்றின் டிரான்ஸ்ஃபார்மர்கள் பழைய சாமான் கடைகளில் ஒதுங்கின. 10,000 வோல்ட், 30 மில்லி ஆம்பியர் என்பது சாதாரணமான ஓர் அளவு. நியான் டிரான்ஸ்ஃபார்மர் ஷார்ட் ஆனாலும் எரியாமல் தன் மின்னோட்டத்தைத் தானே கட்டுப்படுத்திக்கொள்ளும். உள்ளே ஒரு தூண்டல் மறைந்திருப்பதால் அப்படி. 50 ஹெர்ட்ஸில் அந்தத் தூண்டலோடு சரியாக இசையும் கண்டன்சர் எவ்வளவு என்று கணக்கிட, மின்னோட்டத்தை வோல்ட்டாலும், அதிர்வெண்ணாலும், பை (π) என்ற எண்ணின் இரு மடங்காலும் வகுக்க வேண்டும். வருவது சுமார் 9.5 நானோ ஃபேரட். முதன்முதலில் கட்டுகிறவர்கள் அந்த இசைவான எண்ணையே வைத்துவிடுவார்கள். இசைவு இரண்டு சுருள்களுக்கு இடையே வேண்டியது, இங்கே அது விஷம். டிரான்ஸ்ஃபார்மரும் கண்டன்சரும் 50 ஹெர்ட்ஸிலேயே ஒன்றையொன்று தூக்கிவிட்டு, 10,000 வோல்ட் தன் எல்லையைத் தாண்டி ஏறும். இடைவெளி கொஞ்சம் அகலமாக இருந்து தீப்பொறி பாயத் தாமதித்தால் டிரான்ஸ்ஃபார்மரோ கண்டன்சரோ உடையும். ஆகவே நிலையான இடைவெளிக்கு இசைவு எண்ணைப்போல ஒன்றரை மடங்கு வைப்பது வழக்கம். 14.3 வருகிறது, 15 என்று வைத்துக்கொள்ளலாம்.

இந்த இடத்தில் அமெரிக்க அட்டவணைகள் நம்மவர்களைக் கவிழ்க்கின்றன. அங்கே 60 ஹெர்ட்ஸ். இதே டிரான்ஸ்ஃபார்மருக்கு அவர்களுடைய ஒன்றரை மடங்கு 12 நானோ ஃபேரட் என்று அச்சாகியிருக்கும். அதை அப்படியே எடுத்து ஸ்ரீவில்லிபுத்தூரில் மாட்டினால், ஒன்றரை மடங்கு என்று நினைத்தது ஒன்றேகால் மடங்காகிவிடும், விலகி நிற்க நினைத்த இசைவுக்குப் பாதி வழி திரும்பி வந்த மாதிரி. அட்டவணையை எடுத்தால் முதலில் 1.2ஆல் பெருக்க வேண்டும்.

அழுத்தத்தைப் பார்ப்போம். 10,000 வோல்ட் ஏசியின் உச்சம் 14,100. அதைப்போல ஏறக்குறைய ஒன்றரை மடங்கு தாங்க வேண்டும் என்றால் சுமார் 21,000. டூபிலியரின் 0.15 மைக்ரோ ஃபேரட், 2000 வோல்ட் கண்டன்சர் பத்தைத் தொடராகக் கோத்தால் சரியாக 15 நானோ ஃபேரட், 20,000 வோல்ட். அந்த வரிசை இவ்வளவு பெயர் வாங்கியதற்கு இந்தக் கணக்கு ஒரு காரணம், இருபுறமும் உலோகம் பூசிய தாங்குபடலத்தோடு பெரிய துடிப்புகளுக்கென்றே செய்தது என்பது இன்னொன்று. பணமும் பொறுமையும் உள்ளவர்கள் தருவித்துக்கொள்ளலாம். இல்லாதவர்களுக்கு நம் அடுப்புக் கண்டன்சர் என்ன தருகிறது? 0.27ஐ 18ஆல் வகுத்தால் 0.015. அதாவது 15 நானோ ஃபேரட். 1200ஐ 18ஆல் பெருக்கினால் 21,600. கணக்கு இவ்வளவு அழகாக வந்து உட்காருவது தற்செயல்தான், ஆனாலும் காகிதத்தில் பார்க்கும்போது ஒரு சந்தோஷம்.

இந்தக் கண்டன்சர் ஊருக்கு வந்த காரணம் மின்சாரத்தைவிட எரிவாயுவோடு சம்பந்தப்பட்டது. 2012 செப்டம்பரில் மத்திய அரசு மானிய விலை சிலிண்டரை ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு ஆறு என்று நிறுத்தியது. பிறகு ஒன்பதாக்கி, பன்னிரண்டாக்கி இறங்கிவந்தது என்றாலும், அந்தச் சில மாதப் பதற்றத்தில் இண்டக்ஷன் அடுப்புகள் அடுக்களைகளில் ஏறிவிட்டன. தமிழ்நாடு நாளுக்குப் பல மணிநேரம் இருட்டில் கிடந்த அதே ஆண்டு என்பதுதான் வேடிக்கை. சிலிண்டர் இல்லாதபோது கரண்ட் இல்லை, கரண்ட் இருந்தபோது பாத்திரம் பொருந்தவில்லை என்று சலித்துக்கொண்டே மக்கள் வாங்கினார்கள்.

அடுப்புக்குள் நடப்பது என்ன? 230 வோல்ட் ஏசியை நேராக்கினால் உச்சம் 325 வோல்ட். அதை ஐஜிபிடி என்ற சுவிட்ச் வெட்டி வெட்டி அனுப்ப, பாத்திரத்துக்குக் கீழே உள்ள சுருளும் 0.27 மைக்ரோ ஃபேரட் கண்டன்சரும் சேர்ந்து நொடிக்கு இருபதாயிரம் தடவைக்கு மேல் ஊசலாடும். சுருளின் காந்தப்புலம் பாத்திரத்தின் அடியைச் சுடும். ஒரு சுருள், ஒரு கண்டன்சர், ஓர் இசைவு. இரண்டாவது சுருளின் இடத்தில் தோசைக்கல். அந்தக் கண்டன்சர் வேகத்துக்குப் பழகியதற்கு வேறு விளக்கம் வேண்டாம், பிறந்ததே அதற்குத்தான். பக்கத்தில் உள்ள 5 மைக்ரோ ஃபேரட் பெரியண்ணன் வெறுமனே மின்சாரத்தைச் சமனாக்குவதற்கு இருக்கிறது, அதனிடம் இந்தத் திறமையை எதிர்பார்க்க முடியாது.

அடுப்பு சாகும்போது பெரும்பாலும் முதலில் போவது ஐஜிபிடி. கரண்ட் திடீரென்று ஏறி இறங்கும், அல்லது சூட்டுக்கு ஒதுங்கிய கரப்பான் பூச்சி பலகையின் குறுக்கே படுத்து இரு தடங்களை இணைத்துவிடும். பழுது பார்க்கும் கடைகளில் செத்த பலகைகள் சாக்கில் சேரும்.

“அண்ணாச்சி, பழைய இண்டக்ஷன் போர்டு கிடக்கா?”

“எதுக்கு தம்பி, ஐஜிபிடிக்கா? அதெல்லாம் வெடிச்சதுதான் கிடக்கும்.”

“இல்லண்ணாச்சி, கண்டன்சர்.”

“அதுக்கு ஒண்ணும் ஆகாது. வேணுங்கிறத கழட்டிக்கோ.”

அந்தக் கடைசி வாக்கியத்தை முழுக்க நம்பக்கூடாது. ஷார்ட் ஆகியிருக்காது, ஆனால் தன்னைத் தானே ஆற்றி ஆற்றி இளைத்திருக்கலாம். எல்சிஆர் மீட்டரில் ஒவ்வொன்றையும் அளந்து எழுத வேண்டும். அச்சில் 0.27 என்பதன் பின்னால் கே என்ற எழுத்து இருந்தால் பத்து சதவீதம் மேலே கீழே போகலாம் என்று அர்த்தம், ஜே என்றால் ஐந்து. தொடராகக் கோத்த கண்டன்சர்களில் எல்லாவற்றிலும் ஒரே மின்னூட்டம் ஏறும். தேக்கம் குறைந்ததில் அதனால் அழுத்தம் கூடுதலாக நிற்கும். 0.22ஆக இளைத்த ஒன்று 0.27கள் நடுவே மாட்டிக்கொண்டால், மற்றவற்றைவிட 23 சதவீதம் அதிக வோல்ட் அதன் தலையில். ஏற்கெனவே நொந்ததற்கே சுமை கூடும், அது இன்னும் இளைக்கும், சுமை இன்னும் கூடும். ஐந்து சதவீதத்துக்கு மேல் ஒதுங்கி நிற்பதை எடுத்துக் கீழே வைத்துவிட வேண்டியதுதான்.

கடைக்காரர் நல்லெண்ணத்தில் வேறு சிலவற்றையும் நீட்டுவார். பச்சை நிறப் பாலியெஸ்டர் கண்டன்சர், வோல்ட் எல்லாம் சரியாகத்தான் இருக்கும். ஆனால் ஒவ்வொரு ஊசலிலும் பாலியெஸ்டர் விழுங்கும் பங்கு பாலிபுரோப்பிலீனைப்போல முப்பது மடங்கு அளவில் இருக்கும். நிமிடக்கணக்கில் கையால் தொடமுடியாத சூடாகிவிடும். நீல வட்டு வடிவப் பீங்கான், பழைய டிவியின் உயர் அழுத்தப் பகுதியிலிருந்து எடுத்தது. அவற்றில் பல, வோல்ட் ஏறஏறத் தேக்கம் குறைகிற சாதி. காயிலின் சுருதி தீப்பொறிக்குத் தீப்பொறி மாறிக்கொண்டிருக்கும். எலக்ட்ரோலிட்டிக்கைப் பற்றிப் பேசவே வேண்டாம். திசை மாறும் மின்சாரத்தில் அது ஒரு பட்டாசு.

முதல் சுருளை 60 மைக்ரோ ஹென்றி என்று வைத்துக்கொண்டால், 15 நானோ ஃபேரட்டோடு ஊசலாடும் வேகம் 168 கிலோ ஹெர்ட்ஸ். 14,100 வோல்ட்டில் இடைவெளி பாயும்போது உச்ச மின்னோட்டம் சுமார் 220 ஆம்பியர். ஒரு பாய்ச்சலில் உள்ள ஆற்றல் ஒன்றரை ஜூல்தான், ஆனால் நொடிக்கு நூறு தடவை அளவில் அது நடக்கிறது. அடுப்பில் இந்தக் கண்டன்சர் பழகியது சில பத்து ஆம்பியருக்கு. ஆக 18 மட்டும் வைத்தால் வேலை செய்யும், ஆனால் ஒவ்வொன்றின் துத்தநாக முனையும் பழக்கத்தைவிடப் பல மடங்கு பாரத்தை ஏந்தும். நான் சொல்லக் கேட்டால், 36ஐத் தொடராகக் கோத்த வரிசை இரண்டு, இரண்டையும் இணையாக. மொத்தம் 72. தேக்கம் அதே 15 நானோ ஃபேரட், ஒவ்வொன்றின் மேல் நிற்கும் வோல்ட்டும் பாதி, ஆம்பியரும் பாதி. சாக்கிலிருந்து எடுக்கும் சாமானுக்கு எண்ணிக்கை ஒரு செலவில்லை, அளந்து எழுதும் பொறுமைதான் செலவு. 18ஓடு தொடங்குகிறவர் அரை நிமிடம் ஓட்டி, அணைத்து, எதில் சூடு அதிகம் என்று பார்த்துப் போகலாம்.

தொடுவதற்கு முன் ஒரு விஷயம். தொடரில் உள்ள கண்டன்சர்கள் அணைத்த பிறகும் எந்தத் திசையிலாவது நிரம்பி நிற்கலாம். ஒவ்வொன்றின் இரு கால்களுக்கும் இடையே 10 மெகா ஓம் அளவில் தடை வேண்டும். 18 வைத்த வரிசையில் ஒவ்வொன்றின் மேலும் நிற்கும் சுமார் 785 வோல்ட்டைச் சாதாரண அரை வாட் தடை ஒன்றே தாங்காது, 3.3 மெகா ஓம் மூன்றைத் தொடராக வைப்பார்கள். சில நொடிகளில் மின்னூட்டம் வடியும். வடிந்தது என்று நம்பாமல், நீண்ட பிவிசி குழாயின் நுனியில் தரையிணைத்த கம்பி கட்டி, இரு முனைகளையும் ஷார்ட் செய்து, அந்தக் கம்பியை அங்கேயே தொங்கவிட்டுவிட்டுத்தான் கைவைக்க வேண்டும். டிரான்ஸ்ஃபார்மரின் 30 மில்லி ஆம்பியரே நெஞ்சை நிறுத்தப் போதும். மைக்ரோவேவ் அடுப்பின் டிரான்ஸ்ஃபார்மரைக் கழற்றி இந்த வேலைக்கு எடுப்பவர்களைப் பற்றி எனக்கு மரியாதையான கருத்து இல்லை. அது 2000 வோல்ட்டில் அரை ஆம்பியரை யோசிக்காமல் கொடுக்கும், இரண்டாவது வாய்ப்புத் தராது. இரண்டாம் சுருளின் அடிக்கம்பியை வீட்டு எர்த்தில் சேர்க்காமல் தனியாகத் தரையில் ஒரு கம்பி அடித்துச் சேர்க்க வேண்டும். இல்லாவிட்டால் அந்தத் தெருவின் டிவி, ஃபிரிட்ஜ் எல்லாவற்றுக்கும் பதில் சொல்ல நேரும். இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்தவர் பக்கத்தில் இருக்கவே கூடாது.

எல்லாம் கூடிவந்தால் 300 வாட் காயிலுக்கு இரண்டடி நீளப் பொறி எட்டக்கூடியதே. ஓடஓட ஒரு நாள் பொறி குட்டையாகும். முதல் சுருளில் கம்பி இணையும் இடமான டேப்பை எங்கே நகர்த்தினாலும் பழைய நீளம் வராது. சுருதி நகர்ந்துவிட்டது என்று அர்த்தம், அதாவது வரிசையில் எதுவோ இளைத்துவிட்டது. மீட்டரை எடுத்து எல்லாவற்றையும் மறுபடி அளக்க வேண்டும். ஒன்றோ இரண்டோ 0.24, 0.23 என்று காட்டும், முதுகு லேசாக உப்பியிருக்கும். மாற்று தேடி அதே கடைக்குப் போனால், சாக்கில் 0.33 மட்டுமே இருக்கலாம். அதை ஒன்றிரண்டாகச் செருகினால் மற்ற 0.27களின் மேல் பாரம் ஏறும், செருகக்கூடாது. முழு வரிசையையும் மாற்றுவதென்றால் 0.33 கண்டன்சர் 22 வேண்டும், தாங்கும் அழுத்தம் 26,400 வோல்ட்டாக உயரும், தேக்கம் அதே 15 நானோ ஃபேரட். 0.3 கிடைத்தால் 20 போதும்.